செக்ரோல் கட்டத்தில் மவுஸ் சக்கரம்

செக்ரோல் என்பது தோட்டத் தொழிலாளரின் அன்றாட வேலையைப் பதியும் பேரேடு; தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் பெயர், மேலே 1 முதல் 31 வரை தேதி, நடுவே அன்றன்று வெட்டிய செம்பனைக் குலையும் பார்த்த வேலையும். அகலமான பேரேட்டில் கிராணிமார் (தோட்ட எழுத்தர்கள்) பேனாவால் எழுதிவந்த அந்தக் கட்டத்தை இப்போது நான் திரையில் வரைந்து கொடுக்கிறேன். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அவற்றின் அலுவலகங்களுக்கு நிரல் எழுதுவதுதான் என் தொழில். ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி நிறம், மழைநாளுக்கு ஒரு குறி, ஒரே நாளில் இரண்டு பிளாக்கில் வேலை பார்த்தவருக்கு இரட்டை வரி என்று அவர்கள் கேட்பது கடையில் கிடைக்கும் ஆயத்தக் கண்ட்ரோல்களில் (படிவத்தில் வைக்கும் பெட்டி, கட்டம் போன்ற திரை உறுப்புகளில்) சரியாக அமைவதில்லை. ஆகவே கண்ட்ரோலை நாமே எழுதுகிறோம். நாமே எழுதினால் மவுஸ் சக்கரத்துக்கும் நாமே பொறுப்பு.

என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் இதை ஐந்து நிமிட வேலை என்று நினைக்கிறார்கள். முன்னால் தள்ளினால் மூன்று வரி மேலே, பின்னால் இழுத்தால் மூன்று வரி கீழே, அவ்வளவுதானே என்று கேட்கிறார்கள். அவர்கள் மேசையில் அது ஓடவும் செய்யும். தோட்ட அலுவலகத்தில் இருக்கும் பழைய கணினியிலும், மேலாளரின் புது மடிக்கணினியிலும், எடைப்பாலத்து அறையில் இரண்டு திரை வைத்திருப்பவரிடமும் அதே நிரல் ஓட வேண்டுமானால் கீழே சொல்பவை எல்லாம் தேவைப்படும். நான் விண்டோஸ் ஃபார்ம்ஸில், சி ஷார்ப்பில் எழுதுகிறேன். வேறு கருவியில் எழுதுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், ஏனென்றால் அடியில் விண்டோஸ் அனுப்புவது ஒரே செய்திதான்.

செய்திக்குள் என்ன இருக்கிறது

அந்தச் செய்தியின் பெயர் டபிள்யூஎம்_மவுஸ்வீல். பதினாறடி எண்ணில் அதன் எண் 020ஏ. அதனுடன் இரண்டு மதிப்புகள் வரும். முதல் மதிப்பான டபிள்யூபாராமின் மேல் 16 பிட்டில் சக்கரம் எவ்வளவு நகர்ந்தது என்ற டெல்டா இருக்கும். கீழ் 16 பிட்டில் கண்ட்ரோல் விசை, ஷிஃப்ட் விசை, மவுஸ் பொத்தான்கள் அழுத்தப்பட்டிருக்கின்றனவா என்ற விவரம் இருக்கும். இரண்டாவது மதிப்பான எல்பாராமில் சுட்டி நிற்கும் இடம்.

சாதாரண மவுஸில் சக்கரம் ஒரு பல் நகர்ந்தால் டெல்டா 120. கையைவிட்டு முன்னால் தள்ளினால் கூட்டல் 120, கைப்பக்கம் இழுத்தால் கழித்தல் 120. சக்கரம் வைத்த இன்டெலிமவுஸை மைக்ரோசாஃப்ட் 1996இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1 என்று வைக்காமல் 120 என்று வைத்ததற்குக் காரணம், பின்னால் வரப்போகும் நுண்ணிய சக்கரங்கள் ஒரு பல்லுக்குக் குறைவான அசைவையும் சொல்ல இடம் விட்டதுதான். அப்படிப்பட்ட சக்கரங்கள் இன்று சாதாரணமாகிவிட்டன. மடிக்கணினியின் தொடுபலகையில் இரண்டு விரலால் தடவும்போதும் சின்னச் சின்ன டெல்டாக்களே வருகின்றன.

விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஆன்மவுஸ்வீல் என்ற செயற்கூற்றை மேலெழுதினால் டெல்டா பிரித்தெடுத்த நிலையில் கைக்கு வந்துவிடும். இடமும் கண்ட்ரோலின் சொந்த ஆயத்தொலைவுக்கு மாற்றியே தரப்படும். செய்தியை நீங்களே, எல்லாச் செய்திகளும் வந்து நுழையும் டபிள்யூஎன்டிபிராக்கில் பிடித்துப் பிரிப்பதானால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

மேல் 16 பிட்டைக் குறியுள்ள எண்ணாக எடுக்க வேண்டும். குறியில்லாமல் எடுத்தால் கழித்தல் 120 என்பது 65416 ஆகிவிடும். கீழே இழுக்க வேண்டிய கட்டம் ஐந்நூறுக்கு மேற்பட்ட பல் தூரம் மேலே பாயும். அடுத்து, 64 பிட் நிரலில் டபிள்யூபாராமை டூஇன்ட்32 கொண்டு மாற்றக் கூடாது. மேலே உருட்டும்போது ஒன்றும் ஆகாது. கீழே உருட்டும்போது மதிப்பு 32 பிட் எல்லையைத் தாண்டி, நிரல் பிழை காட்டி நின்றுவிடும். “மேலே போகிறது, கீழே போனால் மட்டும் நிரல் விழுகிறது” என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. டூஇன்ட்64 கொண்டு எடுத்துப் பிறகு பிரியுங்கள். மூன்றாவதாக, எல்பாராமில் வரும் இடம் முழுத் திரையின் கணக்கில் இருக்கும், கண்ட்ரோலின் கணக்கில் இருக்காது. பாயின்ட்டூகிளையன்ட் கொண்டு மாற்ற வேண்டும். முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் இரண்டாவது திரை வைத்தவரிடம் அந்த எண் கழித்தலாக வரும். அதையும் குறியோடு எடுங்கள்.

சில்லறையைச் சேர்த்து வையுங்கள்

மாணவர்கள் பெரும்பாலும் எழுதுவது இது: டெல்டாவை 120ஆல் வகு, மூன்றால் பெருக்கு, அத்தனை வரி நகர்த்து. நுண்ணிய சக்கரத்தில் டெல்டா 30 வந்தால் முழு எண் வகுத்தலில் விடை பூச்சியம். மறுபடி 30, மறுபடி பூச்சியம். எவ்வளவு உருட்டினாலும் கட்டம் அசையாது. இன்னும் சிலர் டெல்டாவின் குறியை மட்டும் பார்த்து, கூட்டல் என்றால் மூன்று வரி என்று எழுதுகிறார்கள். அப்போது தொடுபலகையில் லேசாகத் தடவினாலே மாதத்தின் மொத்தப் பெயர்ப் பட்டியலும் ஓடிவிடும்.

சரியான வழி, மீதியைத் தூக்கி எறியாமல் அடுத்த செய்திக்குச் சேர்த்து வைப்பது. கண்ட்ரோலில் ‘சேமிப்பு’ என்று ஒரு முழு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செய்திக்கும்:

சேமிப்பு = சேமிப்பு + டெல்டா × ஒரு பல்லுக்கான வரிகள்
நகர்வு = சேமிப்பு ÷ 120, முழு எண்ணாக
சேமிப்பு = சேமிப்பு − நகர்வு × 120
மேல்வரி = மேல்வரி − நகர்வு

ஒரு பல்லுக்கு 3 வரி என்று வைத்து, டெல்டா 30 நான்கு முறை வருவதாகப் பாருங்கள். முதல் முறை சேமிப்பு 90, நகர்வு இல்லை. இரண்டாம் முறை 180. ஒரு வரி நகர்ந்து மீதி 60. மூன்றாம் முறை 150. ஒரு வரி, மீதி 30. நான்காம் முறை 120. ஒரு வரி, மீதி பூச்சியம். மொத்தம் மூன்று வரி, சாதாரண சக்கரத்தின் ஒரு பல்லுக்கு எவ்வளவோ அவ்வளவே. வரிகளால் முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு வகுப்பதால், ஒரு பல்லுக்கு 7 வரி என்று ஒருவர் வைத்திருந்தாலும் எதுவும் சிந்தாது.

இதில் இரண்டு சேர்க்கைகள் வேண்டும். டெல்டாவின் திசை மாறினால் சேமிப்பைப் பூச்சியமாக்குங்கள். இல்லாவிட்டால் திரும்பி உருட்டும்போது முதல் அசைவு தொலைந்துபோனது போல் கைக்குத் தெரியும். வகுத்தல் பூச்சியத்தை நோக்கி வெட்ட வேண்டும். சி ஷார்ப்பில் அப்படித்தான் நடக்கும். பைத்தானில் இரட்டைச் சாய்கோட்டு வகுத்தல் கீழ்நோக்கி வெட்டுவதால், கழித்தல் 30 வந்தவுடனேயே ஒரு வரி நகர்ந்துவிடும்; மேலே ஒரு வேகம், கீழே ஒரு வேகம் என்றாகிவிடும்.

மேல்வரியைப் பூச்சியத்துக்குக் கீழேயும் கடைசி வரிக்கு அப்பாலும் போக விடாமல் கட்டுவதைச் சொல்லத் தேவையில்லை. கட்டும்போது சேமிப்பையும் துடைத்துவிடுங்கள்.

அந்த மூன்று யாருடைய மூன்று

ஒரு பல்லுக்கு மூன்று வரி என்பது விண்டோஸின் தொடக்க அமைப்பு மட்டுமே. பயனர் அதை மாற்றியிருக்கலாம். சிஸ்டம்இன்ஃபர்மேஷன் வகுப்பின் மவுஸ்வீல்ஸ்க்ரோல்லைன்ஸ் பண்பைக் கேட்டால் அவர் வைத்த எண் கிடைக்கும். நிரல் தொடங்கும்போது ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு செய்தி வரும்போதும் கேளுங்கள். கழித்தல் 1 என்று வந்தால் அவர் பக்கம் பக்கமாக நகர வேண்டும் என்று தேர்ந்திருக்கிறார் என்று பொருள். தெரிகிற வரிகளில் ஒன்றைக் குறைத்து அவ்வளவு நகர்த்துகிறேன். முன்பக்கத்தின் கடைசிப் பெயர் அடுத்த பக்கத்தின் தலையில் நிற்கும், கண் வழி தவறாது. அவர் வைத்த எண் தெரிகிற வரிகளைவிடப் பெரியதாக இருந்தாலும் ஒரு பக்கம் என்றே கொள்ளுங்கள். பூச்சியம் என்றால் நகர்த்தக் கூடாது.

விரல்களில் வாதம் உள்ளவர் பெரிய எண் வைத்திருப்பார். கண் மங்கியவர் 1 வைத்திருப்பார். அவரவர் உடம்புக்குத் தக்கபடி ஒருமுறை அமைத்ததை நம் நிரல் மதிக்க வேண்டும்.

சக்கரம் யாருக்குப் போகிறது

இந்தச் செய்தி இயல்பாக ஃபோகஸ் உள்ள, அதாவது அப்போது தட்டும் எழுத்தைப் பெறும், சாளரத்துக்குப் போகும் (விண்டோஸுக்கு ஒவ்வொரு கண்ட்ரோலும் ஒரு சாளரமே). அது எடுத்துக்கொள்ளாவிட்டால் அதன் தாய்ச் சாளரத்துக்கு, பிறகு அதன் தாய்க்கு என்று மேலே ஏறும். விண்டோஸ் 10 முதல், சுட்டி எந்தச் சாளரத்தின் மேல் நிற்கிறதோ அதை உருட்டும் அமைப்பு வந்து, இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது. தோட்ட அலுவலகங்களில் விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறது. ஆகவே இரண்டு நடத்தைக்கும் எழுத வேண்டும்.

கன்ட்ரோல் வகுப்பிலிருந்து உருவாக்கிய உங்கள் கட்டம் ஃபோகஸ் பெறும் தகுதியோடு இருக்கட்டும்: செட்ஸ்டைல் கொண்டு செலக்டபிள் என்று அமையுங்கள், டேப்ஸ்டாப்பை இயக்குங்கள், மவுஸை அழுத்தும்போது ஃபோகஸை எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டி உள்ளே நுழைந்ததுமே ஃபோகஸைப் பிடுங்கும் குறுக்குவழியை இணையத்தில் பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கிராணி பெயர் தட்டிக்கொண்டிருக்கும்போது மவுஸ் சற்று இடம்பெயர்ந்தால் பாதி எழுத்து வேறு பெட்டிக்குள் போய்விடும். பழைய கணினிக்கு நான் செய்வது, செய்திகளை முன்கூட்டியே பார்க்கும் ஐமெசேஜ்ஃபில்டர் ஒன்றை நிரலுக்குப் பொதுவாகப் பதிந்து, 020ஏ வரும்போது விண்டோஃப்ரம்பாயின்ட் கொண்டு சுட்டியின் கீழுள்ள சாளரத்தைக் கண்டுபிடித்து, அது நம் நிரலுடையதாக இருந்தால் மட்டும் செய்தியை அங்கே திருப்பிவிடுவது.

உங்கள் கட்டம் உருட்டலை ஏற்றுக்கொண்டதும் ஹேண்டில்டு என்பதை உண்மையாக்குங்கள். ஆன்மவுஸ்வீலுக்கு வரும் பொருளை ஹேண்டில்டுமவுஸ்ஈவன்ட்ஆர்க்ஸ் என்று மாற்றினால் அந்தப் பண்பு தெரியும். மறந்தால் கட்டமும் நகரும், அதைச் சுமக்கும் பேனலும் சேர்ந்து நகரும்.

எண்ணை மாற்றும் சக்கரம்

இந்தக் கட்டுரையில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். ஒரு தோட்ட அலுவலகத்தில், வெளியிலிருந்து வாங்கிய ஒரு சம்பள நிரலைப் பார்க்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து வெட்டுக் கணக்கு உள்ளே வரும் நேரம். அங்கிருந்த கிராணி, “அண்ணே, நான் ஒன்றையும் தொடவில்லை. எண் தானாகக் குறைகிறது” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குலை எண்ணிக்கைப் பெட்டியில் 118 என்று தட்டினார். அடுத்த ஆளின் வரி திரைக்குக் கீழே இருந்ததால் சக்கரத்தை ஒரு பல் இழுத்தார். 118 இருந்த இடத்தில் 115. அவர் கண் அதற்குள் அடுத்த பெயருக்குப் போயிருந்தது.

எண்ணைப் பதியும் நியூமெரிக்அப்டவுன் பெட்டி ஃபோகஸில் இருக்கும்போது சக்கரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். அதிலும் ஒன்று ஒன்றாக மாற்றாது. விண்டோஸில் வைத்த வரிகளின் எண்ணிக்கைப்படி, இயல்பாக மூன்று மூன்றாக மாற்றும். பட்டியலிலிருந்து ஒன்றைத் தேரும் காம்போபாக்ஸும் இப்படித்தான், பிளாக் 12 என்று தேர்ந்துவிட்டுப் பக்கத்தை உருட்டினால் பிளாக் 13 ஆகிவிடும். வெட்டுக்காரருக்குக் குலைக்கு இவ்வளவு என்று கூலி. வெயிலில் நின்று வெட்டிய மூன்று குலை, ஒரு விரல் அசைவில், ஒருவருக்கும் தெரியாமல் போகிறது. கிராணியின் பெயருக்கும் கேடு. இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. கூலியோ எடையோ பதியும் எந்தப் பெட்டியும் சக்கரத்துக்கு மதிப்பை மாற்றக் கூடாது. என் நிரல்களில் இது விலக்கில்லாத விதி.

செய்வது எளிது. இரண்டு வகுப்புகளிலிருந்தும் சொந்த வகுப்பு ஒன்றைப் பெற்று, டபிள்யூஎன்டிபிராக்கை மேலெழுதுங்கள். வந்த செய்தி 020ஏ என்றால் அதை அப்படியே சென்ட்மெசேஜ் கொண்டு தாய்ச் சாளரத்துக்கு அனுப்பிவிட்டு, அடிப்படை வகுப்பை அழைக்காமல் திரும்புங்கள். மதிப்பு மாறாது, பயனர் விரும்பியபடி பக்கம் நகரும். காம்போபாக்ஸின் பட்டியல் திறந்திருக்கும்போது மட்டும், அதாவது டிராப்ட்டவுன் உண்மையாக இருக்கும்போது, செய்தியை அடிப்படை வகுப்புக்கே விடுங்கள். நீளப் பட்டியலை உருட்டிப் பார்க்க அவருக்குச் சக்கரம் வேண்டும். ஹேண்டில்டு என்று மட்டும் வைத்து நிறுத்தினாலும் எண் காப்பாற்றப்படும், ஆனால் சுட்டி அந்தப் பெட்டியின் மேல் வந்ததும் பக்கம் சிக்கி நிற்கும். அது எரிச்சலூட்டும்.

இந்த விதியை எதிர்க்கிறவர்கள் உண்டு. வண்ணம், ஒலி அளவு போன்றவற்றுக்குச் சக்கரத்தால் மதிப்பை மாற்றுவது வசதிதான். அங்கே மாற்றம் அந்தக் கணமே கண்ணுக்கோ காதுக்கோ தெரிகிறது, திருத்திக்கொள்ளலாம். சம்பளப் பெட்டியில் தெரிவதில்லை.

அகலவாக்கில்

செக்ரோலில் 31 நாள் ஒரு திரையில் அடங்காது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு உருட்டினால் இட வலமாக நகர வேண்டும். சாய்க்கும் சக்கரமும் தொடுபலகையும் இதற்கென்றே டபிள்யூஎம்_மவுஸ்ஹெச்வீல் என்ற தனிச் செய்தி அனுப்புகின்றன. எண் 020இ, விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இருக்கிறது. விண்டோஸ் ஃபார்ம்ஸில் இதற்கு ஆயத்த நிகழ்வு இல்லாததால் டபிள்யூஎன்டிபிராக்கில்தான் பிடிக்க வேண்டும். குறியைக் கவனியுங்கள்: செங்குத்தில் கூட்டல் என்றால் தொடக்கத்தை நோக்கி, கிடையில் கூட்டல் என்றால் வலப்பக்கம், அதாவது கடைசியை நோக்கி. ஒரே செயற்கூற்றுக்கு இரண்டையும் அனுப்பினால் ஒன்று தலைகீழாக ஓடும். கிடைக்குத் தனிச் சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ட்ரோல் விசையோடு உருட்டினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய கிராணிமார் மனமார நன்றி சொல்லும் வசதி இது. 120க்கு ஒரு படி, படிக்கு பத்து விழுக்காடு போதும். பெரிதாக்கும்போது சுட்டியின் கீழுள்ள வரி இடம் மாறக் கூடாது: உருட்டிய தூரத்தோடு சுட்டியின் உயரத்தைக் கூட்டி, புது அளவால் பெருக்கிப் பழைய அளவால் வகுத்து, சுட்டியின் உயரத்தைக் கழித்தால் புது உருட்டல் தூரம் வரும்.

விளிம்பில் ஒரு தொல்லை உண்டு. கட்டம் ஒரு பெரிய பக்கத்துக்குள் இருந்தால், கடைசிப் பெயரை எட்டியதும் சக்கரத்தைத் தாய்க்கு விடலாமா? உடனே விட்டால் வேகமாக உருட்டுகிறவருக்குப் பக்கமே தூக்கிப் போடும். கடைசி உருட்டலிலிருந்து அரை விநாடியாவது இடைவெளி இருந்து, அப்போதும் கட்டம் விளிம்பிலேயே நின்றால் மட்டும் நான் தாய்க்கு விடுகிறேன்.

நுண்ணிய சக்கரம் விநாடிக்கு ஏராளமான செய்திகளை அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் தரவுத்தளத்தைத் தட்டாதீர்கள். மேல்வரியை மாற்றி இன்வாலிடேட் மட்டும் அழையுங்கள், விண்டோஸே வரைதலைச் சேர்த்துத் தரும். ரெஃப்ரெஷ் அழைத்தால் ஒவ்வொரு முறையும் அங்கேயே வரைந்து முடித்துவிட்டுத்தான் நகரும், கட்டம் விரலுக்குப் பின்னால் இழுபடும்.

வேறு கருவிகளில்

கியூட்டியில் கியூவீல்ஈவன்ட்டின் ஆங்கிள்டெல்டாவைப் பாருங்கள். அதன் அலகு ஒரு பாகையில் எட்டில் ஒன்று. 120 என்றால் 15 பாகை. மேலே சொன்ன கணக்கு அப்படியே செல்லும். அங்கே கியூஸ்பின்பாக்ஸும் கியூகாம்போபாக்ஸும் சக்கரம் பட்டாலே ஃபோகஸ் வாங்கும் கொள்கையோடு வருகின்றன. ஸ்ட்ராங்ஃபோகஸ் என்று மாற்றி, வீல்ஈவன்ட்டை மேலெழுதி இக்னோர் அழைத்துவிடுங்கள். டபிள்யூபிஎஃப்பில் உள்ளே ஒரு ஸ்க்ரோல்வியூவர், வெளியே ஒரு ஸ்க்ரோல்வியூவர் என்று அமைந்தால் உள்ளே இருப்பது, உருட்ட ஒன்றும் இல்லாவிட்டாலும், சக்கரத்தை விழுங்கிவிடும். பிரிவியூமவுஸ்வீலில் பிடித்து வெளியே அனுப்ப வேண்டும். ஜாவா ஸ்விங்கில் கெட்வீல்ரொட்டேஷன் முழு எண் மட்டும் தரும். ஜாவா 7இல் வந்த கெட்பிரிசைஸ்வீல்ரொட்டேஷனைப் பயன்படுத்துங்கள்.

கொடுப்பதற்கு முன்

என் மேசையில் ஒரு மலிவான சக்கர மவுஸ், தடையில்லாமல் சுழலும் நுண்ணிய சக்கர மவுஸ், ஒரு மடிக்கணினி மூன்றும் எப்போதும் இருக்கும். மூன்றிலும் மேலும் கீழும் ஒரே தூரம் உருட்டி, தொடங்கிய வரிக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் அமைப்பில் வரிகளை 1, 7, ஒரு பக்கம் என்று மாற்றி மறுபடி பாருங்கள். சுட்டியின் கீழுள்ள சாளரத்தை உருட்டும் அமைப்பை அணைத்துவிட்டு ஒருமுறை. இரண்டாவது திரையை இடப்பக்கம் வைத்து ஒருமுறை. சந்தேகம் வந்தால் விஷுவல் ஸ்டூடியோவோடு வரும் ஸ்பை பிளஸ் பிளஸ் கருவியைத் திறந்தால் எந்தச் சாளரத்துக்கு எந்த டெல்டா போகிறது என்று வரி வரியாகக் காட்டும். கடைசியாக, படிவத்தில் உள்ள ஒவ்வொரு எண் பெட்டியிலும் ஒரு மதிப்பைத் தட்டி, ஃபோகஸ் அங்கேயே இருக்க, சக்கரத்தை இரு பக்கமும் உருட்டுங்கள். ஒரு பெட்டியில் எண் மாறினாலும் அந்த நிரலைத் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள்.